போனில் சொன்ன சரிங்க

பொள்ளாச்சி,
6.6.1999

அன்பு அண்ணனுக்கு,

தங்கை லோகப்பிரியா எழுதுவது. அம்மாவும் அப்பாவும் நானும் இங்கே நன்றாக இருக்கிறோம். சிங்கப்பூரில் வெயிலா மழையா என்று அம்மா தினமும் கேட்கிறார். எனக்குத் தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். மழை என்று சொன்னால் நீங்கள் நனைவதாக வருத்தப்படுகிறார். அதனால் பெரும்பாலும் வெயில்தான்.

இதை இ-மெயிலில் அனுப்பியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். ஊருக்கெல்லாம் இ-மெயில் அனுப்பிக் கொடுக்கும் கடையில் உட்கார்ந்துகொண்டு, தபாலாபீசில் நீலக் காகிதம் வாங்கி எழுதுகிறேன். காரணம், இன்டர்நெட் இணைப்புத் தரும் கம்பெனிக்காரர்கள் கொடுத்த மோடம். கொஞ்ச நேரம் ஓடினால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. சூடானதும் இணைப்பை விட்டுவிடுகிறது. விட்டதும் சும்மா இருப்பதில்லை, தானாகவே கோயமுத்தூர் எண்ணுக்கு மறுபடி போன் போடுகிறது. ஒவ்வொரு முறையும் எஸ்.டி.டி. கணக்கு ஏறுகிறது.

போன வாரம் ஆனைமலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் பேத்தியின் மொட்டை பற்றிச் சொல்ல வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன். முடிக்கும்போது லைன் போய்விட்டது. மறுபடி அடித்தேன், மறுபடி போனது. "உடுங்க அம்மணி, நான் காயிதமே போட்டுக்கறேன். உங்களுக்கு எதுக்குச் செரமம்" என்று என்னைச் சமாதானம் செய்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

டெலிபோன் லைன்மேன் வெள்ளியங்கிரி அண்ணன் வந்து வயரில் தன் போனை மாட்டிக் கேட்டுப் பார்த்தார். "லைன் கண்ணாடியாட்ட இருக்குது. உங்க பொட்டியிலதான் கோளாறு" என்றார். கம்பெனிக்குப் போன் போட்டால், பெட்டி நன்றாக இருக்கிறது, லைனில்தான் கோளாறு என்கிறார்கள். போன் போடும் முன் என்ன பேச வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். அவர்கள் நான் எழுதிவைக்காத கேள்வி ஒன்றைக் கேட்டுவிடுகிறார்கள். அப்புறம் தாளை மடித்துவிட்டு ரிசீவரை வைத்துவிடுகிறேன்.

ஒப்பந்தத்தை எடுத்து முழுசாகப் படித்தேன். மோடம் அவர்களுடையது. தானாகக் கெட்டால் அவர்கள் மாற்றித் தரவேண்டும். இடி மின்னலாலோ நம் கவனக்குறைவாலோ கெட்டால் நம் பொறுப்பு. இரண்டு வருடத்துக்கு நாமாக விலக முடியாது. விலகினாலும் மிச்சக் காலத்துக்குக் கட்டியாக வேண்டும். போன் அப்பா பேரில் இருப்பதால் ஒப்பந்தமும் அப்பா பேரில்தான். கையெழுத்து வாங்க வந்தவர், எல்லாம் வழக்கமானதுதான் என்று பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். அப்பா தமிழில் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடிப்பதற்குள் அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டார்.

வருகிற வாரம் நானே மோடத்தை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் போகிறேன். பயப்பட வேண்டாம், பகலிலேயே திரும்பிவிடுவேன்.

அப்பா கடைக்குத் தினமும் வருகிறார். நீங்கள் எழுதியதிலிருந்து சந்தைக்குப் போவதில்லை. மாட்டுத் தரகர் வீடு என்றால் தங்கைக்கு நல்ல இடம் அமையாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள் அல்லவா? அம்மா அதை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். சந்தை நாளில் மட்டும் விடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றுவிடுவார். பிறகு நினைவு வந்து, கடைச் சாவியை எடுத்துக்கொள்வார்.

கடையில் அவருக்கு வேலை, வருகிறவர்களை உட்காரச் சொல்வதுதான். அவர்கள் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன சொன்னாலும் "சரிங்க, சரிங்க" என்கிறார். ஒரு காலேஜ் பையன், "உங்க கடை தீப்பிடிச்சு எரியுதுன்னாலும் ஐயா சரிங்கன்னுதான் சொல்லுவாரு" என்று சிரித்தான். அதற்கும் அப்பா "சரிங்க" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்படித்தான். எங்கய்யன் சொன்னதுக்கெல்லாம் சரிங்க சரிங்கன்னு மண்டைய ஆட்டிப்போட்டுப் போயிட்டாரு. சம்மதமா இல்லியான்னு தெரியாம எங்கூட்ல ஒரே சண்டை. அப்பறம் மறுக்கா வந்து எங்கய்யன் கையைப் புடிச்சாரு. அப்பத்தான் பாயாசம் வெச்சோம்" என்றார்.

சின்ன வயதில் நீங்கள் என் கையைத் துண்டால் மூடி, விரலைத் தொட்டுத் தொட்டு, என் கடலை மிட்டாய்க்கு விலை பேசுவீர்களே, அது ஞாபகம் வந்தது. சந்தையில் யாரும் விலையை வாயால் சொல்வதில்லை. வாய் எல்லாருக்கும் சரிங்க சொல்லும். துண்டுக்குள் கை இறுக்கினால்தான் வியாபாரம். நீங்கள் இறுக்கிப் பிடித்து என் மிட்டாயை ஒவ்வொரு தடவையும் வாங்கிவிடுவீர்கள்.

பெருந்துறையிலிருந்து ஒரு இடம் கேட்டு வந்திருக்கிறது. அவசரம் இல்லை என்று அம்மாவிடம் நீங்களே ஒரு வார்த்தை எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

என்றும் பணிவுள்ள தங்கை,
லோகப்பிரியா

பொள்ளாச்சி,
22.8.1999

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அம்மாவுக்கு அனுப்பிய தைலம் முழங்காலுக்குக் கேட்கிறது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டேன். இப்போது நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

மோடத்தை அப்பாவின் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கோயமுத்தூர் போனேன். கம்பெனி அலுவலகம் மாடியில், கண்ணாடிக் கதவு. செருப்பைக் கழற்றுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன். உள்ளே சென்னிமலை என்று ஒருவர் மோடத்தை வாங்கிக்கொண்டார். பேச்சைக் கேட்டதும் நம் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. பெருந்துறைக்காரராம். "உக்காருங்க அம்மணி, பாத்துப்போட்டு வாரேன்" என்றார். உட்கார்ந்தேன். எதிரில் இருந்த பெண்ணுக்கு என் துண்டைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

நான் அங்கே உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் நம் கடைக்குப் போன் போட்டிருக்கிறார். அப்பாதான் எடுத்திருக்கிறார்.

மதியத்துக்குப் பிறகு மேலாளர் என்னைக் கூப்பிட்டார். பிரச்சினை முடிந்துவிட்டது என்றார். இடி விழுந்துதான் மோடம் கெட்டது, அதனால் புது மோடம் நம் செலவில், இரண்டு வருடக் கணக்கும் புது மோடம் வந்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும் என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "உங்க அப்பாதாம்மா. ஒவ்வொரு கண்டிஷனா படிச்சுக் காட்டினாங்க. ஒவ்வொண்ணுக்கும் சரிங்கன்னாரு. ரிப்போர்ட்ல வந்திருக்கு" என்றார்.

நான் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போனதில் இதற்குப் பதில் இல்லை. ஆனாலும் பேசினேன் அண்ணா. எங்கள் பக்கத்தில் சரிங்க என்றால் ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை, நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்று மரியாதைக்குச் சொல்வது என்றேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டதுபோல்தான் கேட்டார்.

"அப்ப சம்மதம்னா உங்க ஊர்ல என்னம்மா சொல்லுவீங்க?"

யோசித்துப் பார்த்தேன்.

"அதுக்கும் சரிங்கதான் சார்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலாளரும் சிரித்தார். துண்டுக்குள் கை பிடிப்பதைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால் மாட்டுச் சந்தையைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

மோடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கும்போது சென்னிமலை பின்னால் ஓடி வந்தார். "எங்கய்யனும் இப்படித்தானுங்க அம்மணி. எழவுச் சேதி சொன்னாலும் மொதல்ல சரிங்கம்பாரு. ஆனா அங்க நான் வாயத் தொறந்தா நாளைக்கு எனக்கு வேலை இருக்காதுங்க. கோவிச்சுக்காதீங்க" என்றார். நான் "சரிங்க" என்றேன். பஸ் கிணத்துக்கடவு தாண்டும்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்தால் அப்பா சந்தோஷமாக இருந்தார். "மெட்ராஸ்ல இருந்து ஒரு தம்பி பேசுனாரு கண்ணு. நல்ல மரியாதையான தம்பி. அவ்வளவு பொறுமையாச் சொன்னாரு" என்றார். என்ன சொன்னார் என்று கேட்டேன். பாதி இங்கிலீஷாம். இடி விழுந்ததா என்று கேட்டாராம். "வைகாசில விழுந்துச்சுங்க, ஊரெல்லாம் விழுந்துச்சுங்கன்னேன்" என்றார் அப்பா. புதுப் பெட்டி தருகிறோம் என்றாராம், சரிங்க என்றாராம். இரண்டு வருடம் என்றாராம், அதற்கும் சரிங்க. "பேசாம இருந்தா லைன் கட்டாயிப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்கல்ல?" என்று என்னிடமே கேட்டார்.

கம்பெனி அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அப்பா கேட்டு முடித்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கையே புடிக்கலியே கண்ணு?" என்றார்.

அம்மாதான் கம்பெனியை, போனை, இடியை எல்லாம் திட்டினார்.

நுகர்வோர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்கிறார்கள். நம் கட்டிடத்துக்காரர் சிக்கந்தர் மாமாதான் விசாரித்துச் சொன்னார். சந்தையில் அப்பாவோடு அத்தனை வருடம் துண்டு போட்ட பழக்கம், அதனால் வாடகையைப் பற்றி வாயே திறப்பதில்லை. தன் கயிற்றுக்கடை வியாபாரத்தை நடுவில் விட்டுவிட்டு வந்து பேசிக்கொண்டிருக்கிறார். நம் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும். நீங்கள் வெயிலில் கப்பலுக்கு மேல் நின்று சம்பாதித்து வைத்த கடை இது. கோபம் வந்தால் எனக்கு எழுதுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். நான் படித்துவிட்டு வைத்துக்கொள்கிறேன். அப்பாவிடம் மட்டும் போனில் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள். இப்போது மணி அடித்தால், எடுக்கலாமா என்று என்னைப் பார்த்துவிட்டுத்தான் ரிசீவரைத் தொடுகிறார்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
லோகப்பிரியா

பொள்ளாச்சி,
17.10.1999

அன்பு அண்ணனுக்கு,

நீங்கள் எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாமல் சிக்கந்தர் மாமா கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் கடை பூட்டியிருக்கிறது.

புது மோடம் என்று ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். புது அட்டைப்பெட்டி, புது ஸ்டிக்கர். போட்டால் அதே சூடு, அதே கதை. துடைக்கலாம் என்று துணியை எடுத்துப் பக்கவாட்டுப் பிளவுகளில் விட்டேன். துணி சிவப்பாக வந்தது. அண்ணா, கடை திறந்த அன்றைக்கு அம்மா கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார் இல்லையா? மேலே துடைத்திருக்கிறார்கள். பிளவுக்குள் போனது அப்படியே இருக்கிறது. நம் மோடத்தையே நமக்குப் புதுசு என்று கொடுத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு வந்த தைரியம் முன்னால் வந்ததில்லை. துண்டுத்தாள் இல்லாமல், தமிழிலேயே போன் போட்டுக் கேட்டேன். வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து ஆகியிருக்கிறது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். பரவாயில்லை என்று வைத்துவிட்டேன். கையில் சாட்சி இருக்கிறதே. நானே உட்கார்ந்து மனு எழுதினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். காலேஜில் படித்தது அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு ஆனது என்று நினைத்தேன். ஒப்பந்தம் அப்பா பேரில் இருப்பதால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

படித்துக் காட்டினேன். தொலைபேசியில் நான் எந்த நிபந்தனைக்கும் சம்மதிக்கவில்லை என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"சரிங்கன்னு சொன்னது நாந்தானே கண்ணு. சொல்லலைன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அந்தச் சரிங்க வேறு அப்பா என்றேன். எனக்கும் உனக்கும் தெரியும், கோர்ட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியுமா என்றார். குங்குமத்தைக் காட்டினேன். அவர்கள் செய்தது தப்பு என்றால் அது அவர்கள் பாடு, நான் சொன்னதை இல்லை என்று சொன்னால் அது என் பாடு என்றார். அம்மா அழுதார். நான் பேனாவை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் பேனா மட்டும் என் மேசைக்கு வந்திருந்தது.

அந்த வாரம்தான் நீங்கள் போன் செய்தீர்கள்.

நான் அப்போது கடைக்குள்தான் இருந்தேன். நீங்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அப்பா பேசியதுதான் கேட்டது. சொல்லட்டுமா? "சரிங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து "சரிங்க" என்றார். கடைசியில் "சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வைத்தார்.

நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ தெரியாது. நம் இரண்டு பேரிடமும் அப்பா பிறந்ததிலிருந்து அப்படிச் சொன்னதில்லை. உங்களுக்கும் எனக்கும் "சரி கண்ணு"தான். நீங்கள் சிங்கப்பூர் போகிறேன் என்று சொன்னபோதும், அவருக்குப் பிடிக்கவில்லை என்று நமக்கெல்லாம் தெரிந்தபோதும், "சரி கண்ணு" என்றுதான் சொன்னார். அன்றைக்குப் போனில் அவர் உங்களிடம் பேசவில்லை அண்ணா. மெட்ராஸிலிருந்து பேசும் யாரோ ஒரு தம்பியிடம் பேசினார்.

என்ன சொன்னீர்கள் என்று அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. அம்மா விடாமல் கேட்டதற்கு, "படிக்காதவங்க போனை எடுக்க வேண்டாமாம்" என்று ஒரு வரி மட்டும் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை. தனியாக இருக்கும்போது மணி அடித்தால், எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். பிறகு பில் கட்டாததால் போனே நின்றுவிட்டது.

போன மாதம் கம்பெனியின் வசூல்காரர் ஒருவர் வந்தார். வந்தது சந்தை நாள். மாமா கடையில் கயிறு வாங்கவும் மணி வாங்கவும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால், "வாயால ஒத்துக்கிட்டு இப்ப மாறினா எப்படிங்க? பெரிய மனுசன் பண்ற வேலையாங்க இது?" என்று கேட்டார். சொன்ன சொல் மாறக்கூடாது என்பதற்காக அப்பா என் மனுவில் கையெழுத்துப் போட மறுத்தது அங்கே யாருக்குத் தெரியும்? சிக்கந்தர் மாமாதான் அந்த ஆளைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த சந்தைக்கு அப்பா போனார். உங்களுக்குத் தெரிந்தால் கோபிப்பீர்கள் என்று அம்மா தடுத்தார். கேட்கவில்லை. ஒரு ஜோடிக் காளைக்கு விலை பேச, துண்டை எடுத்துக் கையை நீட்டியிருக்கிறார். எதிரில் நின்ற தரகர் கையைக் கொடுக்காமல், "ஏனுங்க திருமூர்த்தி, இது போன் சரிங்களா, கை சரிங்களா?" என்று கேட்டிருக்கிறார். சும்மா வேடிக்கைக்குத்தான் கேட்டிருப்பார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, என் காதுகுத்துக்குக்கூட வந்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அப்பாவும் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைக்குப் பிறகு அவர் பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறார், போதும் என்று கையைக் காட்டுகிறார். யார் என்ன சொன்னாலும் சரிங்க என்று சொல்வதில்லை. கடைக்காரர், பால்காரர், கோயில் பூசாரி யாருக்கும் சொல்வதில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் வீடு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சிக்கந்தர் மாமா வீட்டுக்கு வந்தார். அப்பா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். பதில் இல்லை. பிறகு தன் துண்டை எடுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டு, அப்பாவின் கையைப் பிடித்தார். மனதில் என்ன இருக்கிறது என்று அந்த வழியில் கேட்டுப் பார்த்திருக்கிறார். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நானும் அம்மாவும் சமையலறைக் கதவோரம் நின்று அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்து செருப்பைப் போடும்போது மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு விரல்கூட அசையல அம்மணி" என்றார். "இத்தன வருசத்துல உங்கப்பன் கை இப்படிச் சில்லுன்னு இருந்து நான் பாத்ததில்லை."

அதன்பிறகு நான் சில காரியங்கள் செய்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தென்னைகளுக்கு வைத்திருந்த பூச்சிமருந்து டப்பாக்களை எல்லாம் மாமா வீட்டுக்கு மாற்றிவிட்டேன். இப்போது வண்டுத் தொல்லை ஒன்றும் இல்லை, அதனால் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கிணற்றடிக்கு அப்பா போனால் அம்மாவும் துணி எடுத்துக்கொண்டு போகிறார். துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறார். கூரைக்குக் கீழே மாட்டுக் கயிறுகள் தொங்கிய அட்டாலியைக் காலி செய்துவிட்டேன். நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன். இதற்குமேல் அதை எழுத வேண்டாம்.

என்னைக் கேட்டு வந்த பெருந்துறைக்காரர்கள் பதில் சொல்லவில்லை. சத்தியமாக எனக்கு அதில் வருத்தம் இல்லை. கம்பெனிக்காரர்கள் பாக்கிக்காகக் கம்ப்யூட்டர்களை எடுத்துக்கொண்டு போனாலும் போகட்டும். மனுவை மடித்து வைத்துவிட்டேன். மதுக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆள் கேட்கிறார்கள். இப்போதைக்கு வீட்டை விட்டுப் போக முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கு வார்த்தை மட்டும்தான் வந்து சேருகிறது. முகம் சேருவதில்லை. அந்த மெட்ராஸ் தம்பிக்கும் அப்படித்தானே ஆகியிருக்கும்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். இந்தக் காகிதம் கிடைத்த அன்றைக்கே, சாயந்தரம் இங்கே விளக்கு வைக்கும் நேரத்துக்கு, சிக்கந்தர் மாமா கடை எண்ணுக்குப் போன் போடுங்கள். எண் உங்களிடம் இருக்கிறது, என்றாலும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தினமும் அந்த நேரத்துக்கு நான் அப்பாவை இங்கே கூட்டிவந்து உட்காரவைக்கிறேன். அவர் ரிசீவரைத் தொடமாட்டார். மாமா ஒரு கையால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதை அவர் காதில் வைத்துக்கொள்வார்.

மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். நீங்கள் கேட்டால் அவர் கூசிப்போவார். கடையைப் பற்றியும் பேச வேண்டாம். மாட்டைப் பற்றிக் கேளுங்கள். காங்கேயம் காளைக்குச் சுழி எங்கே இருந்தால் ஆகாது என்று கேளுங்கள். உங்களுக்கு அது தெரியாது, அவருக்குத் தெரியும். அவர் பதில் சொல்லாவிட்டாலும் நிறுத்தாமல் கேளுங்கள். உங்கள் குரல் நின்றுவிட்டால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

"சரிங்க" என்று சொன்னால் வைத்துவிடாதீர்கள் அண்ணா. அது சம்மதம் இல்லை. காசு எவ்வளவு ஓடினாலும் ஓடட்டும். "சரி கண்ணு" என்று அவர் சொல்கிற வரைக்கும் போனை வைக்காதீர்கள்.

அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்,
உங்கள் தங்கை
லோகப்பிரியா